அத்தாவின் பத்தியம்

எங்கள் வீட்டில் ரசம் வைப்பது நின்றுபோனது அத்தாவின், அதாவது எங்கள் அப்பாவின், நெஞ்செரிச்சலால்தான். சாப்பிட்ட கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிடுவார். பம்மலில் ஒரு தோல் தொழிற்சாலையில் அவர் சூப்பர்வைசர். ஜுரம் அடித்தாலும் ஷிப்டுக்குப் போகிற மனிதர், ஒருநாள் குனிந்து நிமிர முடியவில்லை என்று வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். அம்மா அன்றைக்குத்தான் பயந்துபோனாள்.

டாக்டர் கொடுத்த மாத்திரை கொஞ்ச நாள் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. யாரோ சொன்னார்கள் என்று ஒரு நாட்டு வைத்தியரிடம் போனார். அவர் ஒரு சூரணம் கொடுத்து, கூடவே பத்தியமும் சொன்னார். புளி கூடாது, எலுமிச்சை கூடாது, தக்காளி கூடாது, பழம் எதுவும் கூடாது, கீரை காய்கறி வேண்டாம். இதெல்லாம் ஒரு மண்டலத்துக்கு. மண்டலம் முடிவதற்குள்ளேயே எரிச்சல் போய்விட்டது. அந்த வைத்தியர் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. அவர் ஒரு மண்டலம் என்றுதான் சொன்னார். அதை முடிக்காமல் நீட்டிக்கொண்டே போனது எங்கள் அத்தா.

அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த புத்தி அது. மருந்துத் தண்ணீரில் கிடக்கிற தோலை அவசரப்பட்டு எடுத்தால்தான் கெடும், கொஞ்சம் கூடுதலாகக் கிடந்தால் ஒன்றும் ஆகாது என்பார். பத்தியத்தையும் அப்படியேதான் நினைத்தார். "நல்லாத்தானே கீது. இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்" என்று சொல்லிச் சொல்லியே மாங்காய் சீசனில் ஆரம்பித்தது மழைக்காலம் வரை ஓடியது. அவர் சாப்பிட்டதெல்லாம் சோறு, பால், பன், ரஸ்க், வேகவைத்த முட்டை, மிளகு மட்டும் போட்ட கறிச்சாறு. கல்யாண வீடுகளில் பிரியாணியில் தக்காளி இருக்கிறது என்று சோற்றை ஒதுக்கிவிட்டு, கறித்துண்டைத் தண்ணீரில் கழுவிச் சாப்பிட்ட ஒரே மனிதர் பம்மலில் அவராகத்தான் இருக்கும். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அம்மாவுக்கோ பெருமை தாங்காது. தன் வீட்டுக்காரருக்கு இருக்கிற கட்டுப்பாடு வேறு யாருக்கு வரும் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

நான் அப்போது காட்டாங்குளத்தூரில் எம்.எஸ்ஸி. பயோகெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தேன். பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோவில் பல்லாவரம், அங்கிருந்து ரயில். எங்கள் தெருவில் அந்தப் படிப்பின் பெயரைச் சரியாகச் சொல்லக்கூடியவர்கள் குறைவு. டாக்டருக்குப் படிக்கிறாளா என்று கேட்பார்கள், இல்லை என்றதும் பாவம் என்பது போலப் பார்ப்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் எப்படி ஆக்சிஜனைப் பிடித்து, எந்த இடத்தில் விடுகிறது என்று ஒரு டாக்டருக்குத் தெரிந்ததைவிட எனக்கு அதிகமாகத் தெரியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். அந்த வயதில் அப்படித்தான் இருந்தேன்.

அந்த செமஸ்டரில் கொலாஜன் பாடமாக வந்தது. நம் உடம்பில் இருக்கிற புரதங்களில் அதுதான் அதிகம். தோல், எலும்பு, ஈறு, ரத்தக் குழாயின் சுவர் என்று எல்லாவற்றையும் இழுத்துக் கட்டி வைத்திருக்கிற நார். மூன்று இழைகள் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு ஓடும். ஒவ்வொரு இழையிலும் மூன்று இடத்துக்கு ஓர் இடத்தில் கிளைசின் என்கிற அமினோ அமிலம் உட்கார்ந்திருக்கும். அமினோ அமிலங்களிலேயே சின்னது அதுதான். முறுக்கின் உள்பக்கத்தில் அதைவிடப் பெரிதாக எதற்கும் இடம் இருக்காது. எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் ஒல்லியாக இருக்கிற என்னைச் சுவரோரம் ஒடுக்கிப் படுக்கவைப்பார்கள், அந்த மாதிரி. பாடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

வீட்டுக்கு வந்து அத்தாவிடம் சொன்னேன். "அத்தா, நீங்க நாள் முழுக்க வேலை பண்றது கொலாஜன்லதான்."

"நாங்க அத்த தோல்னு சொல்லுவோம்" என்றார்.

ஆனால் அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. பதம் சரியாக ஏறியிருக்கிறதா என்று அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொன்னார். டிரம்மில் குரோம் தண்ணீரோடு சுற்றி நீலம் ஏறிய தோலில் ஒரு துண்டு வெட்டி, காகிதத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்துகொள்வார்கள். துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, திரும்ப அதே கோட்டின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். கோட்டோடு ஒட்டி நின்றால் சரி. உள்ளே சுருங்கியிருந்தால் அந்த டிரம் முழுக்கத் திரும்ப ஓடவேண்டும். "கலர் வந்தா மட்டும் போதாது. கொதி தாங்கணும்" என்றார். எங்கள் பாடப் புத்தகத்தில் இவ்வளவு தெளிவாக ஒரு வரி கிடையாது என்று நான் சொன்னதும் அவருக்குச் சந்தோஷம்.

அந்த வருடங்களில் நோன்பு மழைக்காலத்தை ஒட்டி வந்துகொண்டிருந்தது. நோன்பு திறக்கிறபோது எல்லோரும் எலுமிச்சை சர்பத்தும் தர்பூசணித் துண்டும் எடுத்துக்கொள்ள, அத்தா மட்டும் பேரீச்சம்பழமும் தண்ணீரும். அந்தப் பேரீச்சம்பழத்துக்கு மட்டும்தான் பத்தியத்தில் விலக்கு. அதுவும் காய்ந்தது. நோன்புக் கஞ்சியைக்கூட அவருக்கென்று தக்காளி, புதினா போடாமல் அம்மா தனியாகக் காய்ச்சினாள். பாதி நோன்பு தாண்டியதும் அவருக்கு அசதி வந்தது. நோன்புதானே என்று விட்டுவிட்டோம். பெருநாள் முடிந்த பிறகும் அசதி போகவில்லை. பள்ளிவாசலில் ஸஜ்தாவுக்கு, நெற்றியைத் தரையில் வைக்கக் குனிந்தால் முழங்கால் வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்து தொழ ஆரம்பித்தார்.

அப்புறம் ஒரு காலை நேரம். டீயில் தோய்த்துக் கடித்த பன்னில், பல் பட்ட இடத்தில் ரத்தம் இருந்தது. அவர் அதைப் பார்க்காமலே அடுத்த வாய் கடித்தார். நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். 

பல் டாக்டர் பல்லைச் சுத்தம் செய்து அனுப்பினார். ரத்தம் இன்னும் அதிகமாகத்தான் வந்தது. ஈறு வீங்கி, ஊதா நிறமாகி, முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்தது. காலில் எங்கும் இடித்துக்கொள்ளாமலே கன்றிப்போன நீலத் திட்டுகள். எங்கள் பின்தெருவில் ஒரு அக்கா இருந்தார், தையல் வேலை செய்தவர். அவருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஈறில் ரத்தம், காலில் நீலம், அசதி. அது ரத்தப் புற்று என்று கண்டுபிடித்த சில மாதங்களில் அவர் போய்விட்டார். எங்கள் வீட்டில் யாரும் அவரைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் எல்லோரும் அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

எனக்குப் படிப்பு வேறு வினையாகிவிட்டது. எலும்பு மஜ்ஜையில் செல்கள் தறிகெட்டுப் பெருகினால் என்ன ஆகும், பிளேட்லெட் எப்படிக் குறையும் என்று புத்தகத்தைத் திறக்காமலே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் வெளியே பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தால் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். உப்பு அதிகம் என்று அம்மாவிடம், டிவி சத்தம் என்று அண்ணனிடம். அண்ணனுக்குத் தாம்பரத்தில் செல்போன் கடையில் வேலை. அவன்தான் அத்தாவை பைக்கில் வைத்து லேபுக்குக் கூட்டிப் போய் ரத்தம் கொடுக்கவைத்தான். பிளேட்லெட் சரியாகத்தான் இருந்தது, வெள்ளை அணுக்களும் சரி, ரத்தசோகை மட்டும் இருந்தது. நான் நம்பவில்லை. எங்கள் தெரு டாக்டரும் நம்பவில்லை. ஒருதடவை மஜ்ஜை எடுத்துப் பார்த்துவிடலாம் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

"சும்மா பேஜார் பண்றாங்க" என்றார் அத்தா. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் வேலையிலிருந்து வந்தவர், தன் இடத்தில் யாரைப் போடலாம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்ததாக அம்மாவிடம் சாதாரணமாகச் சொன்னார். பக்கத்து அறையில் இருந்த என் காதில் அது விழுந்தது. அவர் போய்விடுவார் என்று எனக்கு அப்போது நிச்சயமாகத் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்னப் பெண். அண்ணன் வயதுதான் இருக்கும். எதையும் அவசரப்படாமல் செய்தார். ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார். டார்ச் அடித்து ஈறைப் பார்த்தார். பிறகு, "பாய், கைலியைக் கொஞ்சம் தூக்குங்க" என்றார். அத்தா கூச்சத்தோடு அம்மாவைப் பார்த்துவிட்டு முழங்கால் வரை தூக்கினார். டாக்டர் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, கெண்டைக்காலுக்கு வெகு பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். நாங்கள் நீலத் திட்டுகளை மட்டுமே பார்த்துப் பயந்திருந்தோம். இது வேறு. ஒவ்வொரு முடியின் வேரைச் சுற்றியும் ஒரு சிவப்புப் புள்ளி. முடிகளும் நேராக இல்லாமல் பேனாவுக்குள் இருக்கிற ஸ்பிரிங் மாதிரிச் சுருண்டிருந்தன.

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "தினமும் என்ன சாப்பிடுவாரு?"

அதுவரை இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சாப்பாட்டு விஷயத்துல அவரை ஒண்ணும் சொல்ல முடியாது டாக்டர். கடும் பத்தியம். புளி தொடமாட்டாரு, எலுமிச்சை தொடமாட்டாரு, தக்காளி, கீரை, பழம், ஒண்ணுமே கிடையாது. மாங்கா சீசன்ல ஆரம்பிச்சது. இந்த வருஷம் மாங்காகூட ஒரு துண்டு வாயில வெக்கல."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். அம்மாவைப் பார்த்தார், அத்தாவைப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பி நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப நீங்களே சொல்லுங்க. வைட்டமின் சி உடம்புல என்ன வேலை பண்ணுது?"

வைவா பரீட்சையில் கேட்கிற மாதிரி இருந்தது. என் வாய் தானாகச் சொல்ல ஆரம்பித்தது. "கொலாஜன் இழையில புரோலின்னு ஒரு அமினோ அமிலம் இருக்கும். அதுமேல ஹைட்ராக்சில் சேர்க்கிற என்சைம்ல ஒரு இரும்பு அணு இருக்கு. அந்த இரும்பு வேலை செய்யற நிலையிலேயே இருக்கிறதுக்கு வைட்டமின் சி வேணும். ஹைட்ராக்சில் சேரலேன்னா மூணு இழையும் ஒண்ணை ஒண்ணு இறுக்கிப் பிடிக்காது. கொலாஜன் நிக்காது. ஈறு, ரத்தக் குழாய்..."

சொல்லிக்கொண்டே திரும்பி அத்தாவின் காலைப் பார்த்தேன்.

"அதேதான்" என்றார் டாக்டர். "ஸ்கர்வி. அந்தக் காலத்துல மாசக்கணக்கா கப்பல்ல போனவங்களுக்கு வரும். நான் இப்பதான் முதல் தடவையா நேர்ல பார்க்கறேன்."

"நான் கப்பல்ல ஏறினதே இல்லியேம்மா" என்றார் அத்தா.

அம்மா கையை நீட்டி டாக்டரின் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "கேன்சர் இல்லீங்களா?"

வீட்டில் ஒருவரும் வாயால் சொல்லாத வார்த்தை. அம்மாதான் முதலில் சொன்னாள்.

"எனக்கு அப்படித் தோணலம்மா. ரத்தசோகையைத் தவிர ரத்தம் நல்லா இருக்கு. ரத்தம் ஓடுற குழாயோட சுவர்தான் இத்துப்போய்க் கசியுது. மஜ்ஜை எல்லாம் இப்ப எடுக்க வேணாம். மாத்திரை தரேன், பழம் சாப்பிடட்டும். ஒரு வாரத்துல ஈறே சொல்லிடும். சொல்லலேன்னா மத்ததைப் பார்ப்போம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. வராண்டாவுக்கு வந்து சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தேன். அம்மா "அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே அழுதாள். பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் எங்களுக்கு என்ன ஆயிற்றோ என்று பார்த்தார்கள்.  ஒரு ஆரஞ்சுப் பழத்தில் இருக்கிற சமாச்சாரம். அதற்காகவா நாங்கள் இவ்வளவு செத்துப் பிழைத்தோம் என்று கோபமும் வந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அத்தா மாட்டேன் என்றார்.

மருந்துக் கடையில் கொடுத்தது சப்பிச் சாப்பிடுகிற மாத்திரை. வீட்டுக்கு வந்து ஒன்றை வாயில் போட்டவர், முகத்தைச் சுளித்து உள்ளங்கையில் துப்பிவிட்டார். "புளிக்குது."

"புளிக்கத்தான் செய்யும். அதுதான் மருந்தே" என்றாள் அம்மா.

"நான் வைத்தியர்கிட்ட வாக்கு குடுத்துருக்கேன். பத்தியத்த ஒடச்சா எரிச்சல் திரும்ப வந்துடும். அது இன்னா வலின்னு ஒனக்குத் தெரியுமா?"

அம்மா கெஞ்சினாள். அண்ணன் சாத்துக்குடி வாங்கிவந்து ஜூஸ் பிழிந்து வைத்தான். அது ஈ மொய்க்கிற வரை டம்ளரிலேயே இருந்தது. அவர் பிடிவாதத்துக்காகப் பேசவில்லை, பயந்துதான் பேசினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் பட்ட பாட்டை நாங்களும் பார்த்திருக்கிறோமே. அதனால்தான் எனக்கு அவரை அதட்ட மனம் வரவில்லை. ஆனால் டாக்டர் சொன்ன ஒரு வாரத்தில் இரண்டு நாள் இப்படியே போனது. முன்பல் இன்னும் ஆடியது. எனக்குத் திரும்பவும் பயம் வந்துவிட்டது. இந்த மனிதர் ஒரு பழத்தைத் தின்னாமலே எங்களை விட்டுப் போய்விடுவாரோ என்று இருந்தது.

மூன்றாவது நாள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அத்தா, பதம் போடாத பச்சைத் தோலைக் கொதிக்கிற தண்ணியில போட்டா என்ன ஆகும்?"

"சுருண்டு போவும். கொஞ்ச நேரம் வுட்டா பிசினாயிடும். ஏன்?"

"கொதிக்கிற தண்ணியிலதான? சும்மா வெதுவெதுன்னு இருக்கிற தண்ணியில?"

"அதுல ஒண்ணியும் ஆவாது. பச்சைத் தோலுக்கே அந்தச் சூடு தாங்குற தெம்பு உண்டு."

"உங்க உள்ள இப்போ புதுசா ஊறுற தோலுக்கு அந்தத் தெம்புகூட இல்ல அத்தா. மூணு இழையும் பிடிப்பு இல்லாம, உடம்புச் சூட்டுக்கே பிரிஞ்சுடுது. காகிதத்துல கோடு போட்டு வெச்சுப் பாத்தீங்கன்னா, உங்க சரக்கு கோட்டுக்கு ரொம்ப உள்ளதான் நிக்கும். அந்தப் பிடிப்பு புளிப்பான பழத்துலதான் இருக்கு. எரிச்சல் வந்தா அதுக்கு டாக்டர்கிட்ட வேற மருந்து கேக்கலாம். இதுக்கு வேற மருந்து கிடையாது."

அவர் கைலியை ஒதுக்கிக் காலில் ஒரு நீலத் திட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். தொழிற்சாலையில் ஒரு தோலைத் தொட்டுப் பார்த்து, ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்கிற அதே விரல். அப்படி அவர் அழுத்துவதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். திட்டைச் சுற்றிக் கொஞ்சம் தள்ளியும் அழுத்தினார்.

"சரக்கு சரியில்லதான்" என்றார். "திரும்ப ஓட்டணும்."

பிறகு அம்மாவைக் கூப்பிட்டு அந்த மாத்திரையைக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு சப்பினார். முகம் போன கோணலைப் பார்த்து அண்ணன் சிரித்தான், அத்தா அவனைத் திட்டினார். அன்று சாயந்தரம் சாத்துக்குடி ஜூஸ் குடித்தார். மறுநாள் அம்மா பயந்துகொண்டே ஒரு கரண்டி ரசம் ஊற்றினாள். நாங்கள் மூவரும் அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தோம். எரிச்சல் கொஞ்சம் வந்தது, அதற்கும் ஒரு மாத்திரை இருந்தது. அசதி முதலில் போனது. முழங்காலும் மடங்க ஆரம்பித்தது. ஆனால் டாக்டர் பார்க்கச் சொன்னது ஈறை. அது வெளியில் தெரிகிற மாதிரி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த நாட்களில் எல்லாம் அத்தா பல் தேய்க்கும்போது அம்மா பின்னாலேயே நிற்பாள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவர் துப்புவதற்கு முன்பே குழாயைத் திறந்துவிடுவாளாம். சிவப்பு அவர் கண்ணில் படக்கூடாது, எங்கள் கண்ணிலும் படக்கூடாது என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் குழாயைத் திறக்காமல் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். குரல் ஒரு மாதிரி இருந்ததால் நானும் அண்ணனும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினோம்.

வாஷ்பேசினில் பேஸ்ட் நுரை கிடந்தது. வெள்ளையாக. ஓரத்தில்கூடச் சிவப்பு இல்லை.

"துப்புனத இன்னா வேடிக்க பாக்குறீங்க? போங்க அப்பால" என்றார் அத்தா, வாயைத் துடைத்துக்கொண்டே. யாரும் போகவில்லை. அண்ணன் குழாயைத் திறக்கக் கையை நீட்டினான். அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"கொஞ்சம் இருடா" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்."